பலிக்காத மருந்தைக் கொடுக்கலாமா?

பலிக்காது என்று தெரிந்திருந்தும் ஒரு நோயாளிக்கு ஒரு மருந்தைக் கொடுப்பது நியாயமா?

கேட்டவுடனேயே பதில் சொல்லிவிடலாம் போல இருக்கிறது. 'கூடாது, அது ஏமாற்று வேலை' என்பார் ஒருவர். 'சாகப் போகிறவனுக்கு நம்பிக்கையாவது மிஞ்சட்டுமே, கொடுத்தால் என்ன குற்றம்?' என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் நல்லவர்கள்தாம். இரண்டு பேருமே அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். பலிக்காது என்றால் என்ன பொருள்? யாருக்குத் தெரியும்? எவ்வளவு தெரியும்? இவற்றையெல்லாம் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவது எளிது.

பொதுப்படப் பேசினால் இந்த மாதிரிக் கேள்வி பட்டிமன்றமாக முடிந்துபோகும். ஆகையால் ஒரே ஒரு நோயையும் ஒரே ஒரு மருந்தையும் எடுத்துக்கொள்கிறேன். நான் டாக்டர் அல்லன்; கதை எழுதிப் பிழைக்கிறவன். என்றாலும் இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்ச காலமாக விடாமல் படித்து வருகிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நோயின் பெயர் கிளையோபிளாஸ்டோமா. வயது வந்தவர்களுக்கு மூளையிலேயே பிறக்கும் புற்றுக்கட்டிகளில் அதிகம் காணப்படுவதும் இதுதான். மிகக் கொடியதும் இதுதான். கண்ணுக்குத் தெரிகிற கட்டியை அறுத்து எடுத்துவிடலாம். ஆனால் வயலில் அறுகம்புல்லைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும், மேலே உள்ளதைப் பிடுங்குவதால் புல் போய்விடுவதில்லை. இந்தக் கட்டியின் உயிரணுக்களும் அப்படித்தான், நல்ல மூளைக்குள் வெகுதூரம் வேரோடியிருக்கும். மற்ற உறுப்பாக இருந்தால் சுற்றிலும் தாராளமாக வெட்டி எடுக்கலாம். மூளையில் எதை வெட்டுவது? பேச்சை வெட்டுவதா, நினைவை வெட்டுவதா?

சரி, மருந்தை இரத்தத்தில் செலுத்திக் கொல்லலாம் என்றால் அங்கேயும் ஒரு தடை. இரத்தத்தில் ஓடுகிற கண்ட பொருளெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிடாதபடி அங்குள்ள இரத்தக் குழாய்களின் சுவரே காவல் காக்கிறது. இந்தக் காவலைத் தாண்டி ஓரளவுக்கு உள்ளே போகக்கூடிய மருந்துகள் சிலவே. அவற்றில் ஒன்று டெமோஸோலோமைட். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் பல்கலைக் கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் என்ற இரசாயன அறிஞரின் குழு 1980-களில் உருவாக்கியது. ஊசிகூட வேண்டாம். காப்ஸ்யூலாக விழுங்கினால் போதும்.

2005-ல் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. ரோஜர் ஸ்டுப் என்ற டாக்டரின் தலைமையில் நடந்தது அது. 573 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்குக் கதிர் சிகிச்சை மட்டும். மறு பாதிக்குக் கதிர் சிகிச்சையோடு இந்தக் காப்ஸ்யூலும். முதல் கூட்டத்தாரின் ஆயுளில் நடு எண் 12.1 மாதம். இரண்டாம் கூட்டத்தாருக்கு 14.6 மாதம்.

இரண்டரை மாதம்! இத்தனை பாடுபட்டு இரண்டரை மாதமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆனால் நடு எண் என்பது ஒரு மனிதன் அல்ல என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் அதற்கு முன்னால் போனார்கள், பாதிப் பேர் அதற்குப் பின்னாலும் இருந்தார்கள் என்பதுதான் அதன் பொருள். கதிர் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டு கடந்தவர்கள் நூற்றுக்கு 10.4 பேர், காப்ஸ்யூலும் சாப்பிட்டவர்களில் 26.5 பேர். ஐந்து ஆண்டுக் கணக்கு 2009-ல் வெளிவந்தது. முதல் கூட்டத்தில் 1.9 பேர், இரண்டாவதில் 9.8 பேர். இரண்டரை மாதம் என்று நாம் உதட்டைப் பிதுக்கிய அதே மருந்து, பத்தில் ஒருவருக்கு ஐந்து ஆண்டு கண்ட வாழ்க்கையாக இருந்திருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டித் தெரிந்தால்?

ஓரளவு தெரிந்தது. அதே 2005-ல் லோஸான் நகரத்து மோனிகா ஹேகி என்ற விஞ்ஞானி, அந்தச் சோதனையில் இருந்தவர்களின் கட்டிகளை ஆராய்ந்து சொன்னார். அதை விளக்க, மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதைக்காரனுக்கு இதைவிடச் சுவையான இடம் இந்த விஷயத்தில் வேறு இல்லை.

உயிரணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.யை ஒரு நீண்ட எழுத்து வரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். டெமோஸோலோமைட் அந்த வரிசையில் குவானின் என்ற எழுத்தின் மேல் மீதைல் என்ற ஒரு சின்ன இரசாயனத் துண்டை ஒட்டிவிடுகிறது. ஒட்டு விழுந்த எழுத்தை, படி எடுக்கும்போது உயிரணு தப்பாகப் படிக்கிறது. பிழை விழுகிறது. பிழை திருத்துவதற்கென்று உயிரணுவில் ஓர் ஏற்பாடு உண்டு. அது திருத்துகிறது, மறுபடியும் பிழை. திருத்துகிறது, மறுபடியும் பிழை. கடைசியில் உயிரணு மாண்டுபோகிறது.

ஆனால் சில கட்டிகளில் இது நடப்பதில்லை. எம்.ஜி.எம்.டி. என்று ஓர் என்ஸைம் இருக்கிறது. ஒட்டு விழுந்த எழுத்தண்டை அது வருகிறது. ஒட்டைப் பிய்த்துத் தன் மேலேயே ஏற்றிக்கொள்கிறது. எழுத்து பழையபடி ஆகிவிடுகிறது. அந்த என்ஸைமின் வாழ்வு அதோடு முடிந்தது. மற்ற என்ஸைம்களைப் போல அது மீண்டும் வேலைக்கு வருவதில்லை. ஓர் ஒட்டுக்கு ஓர் உயிர்ப்பலி என்று கணக்கு.

இது புற்றுநோயின் சூழ்ச்சி அன்று. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இந்த என்ஸைம் இருக்கிறது. புகையிலும் உணவிலும் வரும் நச்சுகளும், உடம்புக்குள்ளேயே உண்டாகும் பொருள்களும் இதே மாதிரி ஒட்டுகளைப் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றால் புற்றுநோய் வராமல் காப்பதே இதன் தொழில். அந்தக் காவற்காரன் இப்போது புற்றுக்குள்ளேயும் நின்று, அங்கேயும் தன் கடமையைச் செய்கிறான். எந்த வீட்டைக் காக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. வில்லன் இல்லாத கதை எழுதுவது மிகக் கடினம் என்று எழுத்தாளர்கள் சொல்லிக்கொள்வோம். இயற்கை அதைச் சர்வ சாதாரணமாக எழுதிவிடுகிறது.

சிலருடைய கட்டியில் மட்டும், இந்த என்ஸைமைச் செய்யும் மரபணுவின் முகப்பில் வேறு மீதைல் துண்டுகள் படிந்து அதன் வாயை அடைத்துவிடுகின்றன. அங்கே காவற்காரன் இல்லை. மருந்து வேலை செய்கிறது. ஹேகி ஆராய்ந்த 206 கட்டிகளில் நூற்றுக்கு 45 இந்த வகை. இவர்களுக்குக் கதிர் சிகிச்சையால் மட்டும் 15.3 மாதமாக இருந்த நடு எண், மருந்தும் சேர்ந்ததால் 21.7 ஆயிற்று. வாய் அடைபடாதவர்களுக்கோ 11.8 மாதம் 12.7 ஆயிற்று. ஒரு மாதத்துக்கும் குறைவு. தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று சொல்லத்தக்க வித்தியாசம்.

ஆக ஒரு பரிசோதனை வந்துவிட்டது. இன்னாருக்கு மருந்து கேட்கும், இன்னாருக்கு அநேகமாகக் கேட்காது. நம் கேள்வி பிறந்ததும் இங்கேதான்.

காவற்காரனை வெல்ல விஞ்ஞானிகள் பார்க்காத வழி இல்லை. ஓர் ஒட்டுக்கு ஓர் என்ஸைம் என்றால், மருந்தை மேலும் மேலும் கொடுத்துக் கையிருப்பைத் தீர்த்துவிடலாமே என்று நினைத்தார்கள். மாதத்தில் ஐந்து நாள் கொடுத்ததை 21 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 833 பேர் கலந்துகொண்ட அந்தச் சோதனை 2013-ல் வெளிவந்தது. துன்பம் கூடிற்று, ஆயுள் கூடவில்லை. பென்ஸைல்குவானின் என்று ஒரு பொய் இரையைக் காட்டி என்ஸைமை அழிக்கப் பார்த்தார்கள். என்ஸைம் ஏமாந்தது உண்மைதான். ஆனால் எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊறுகிற இடத்திலும் அதே என்ஸைம்தானே காவல்? அங்கேயும் காவல் போயிற்று. இரத்த அணுக்கள் மடியத் தொடங்கின. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. திருடனைப் பிடிக்கத் தெருவெல்லாம் விளக்கை அணைத்தால் யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்து ஃப்ரெட் ஹட்சின்ஸன் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கும் ஒரு மாற்றுக் கண்டார்கள். நோயாளியின் இரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்களை வெளியே எடுத்து, பொய் இரைக்கு ஏமாறாத மாதிரி திருத்திய என்ஸைமின் மரபணுவை அவற்றில் வைத்து, திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். மஜ்ஜைக்குக் கவசம், கட்டிக்குக் கவசமின்மை. 2012-ல் அவர்கள் எழுதியது மூன்று நோயாளிகளைப் பற்றி. மூன்று பேரை வைத்து வெற்றி என்று சொல்லக்கூடாது. ஆனால் அந்த யோசனையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2019-ல் ஜெர்மனியிலிருந்து நல்ல செய்தி ஒன்று வந்தது. லோமஸ்டின் என்ற பழைய மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததில் நடு எண் 31.4 மாதத்திலிருந்து 48.1 மாதமாக உயர்ந்ததாம். 129 பேர்தான் சோதனையில். அவர்கள் எல்லாரும் வாய் அடைபட்ட வகை, அதாவது முதல் மருந்தே கேட்கிறவர்கள். உள்ளவனுக்கே மேலும் கிடைத்தது. இல்லாதவன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான்.

இனி, நான் இதைப் படிக்கத் தொடங்கிய காரணம்.

என் நண்பர் ஒருவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தமையனார் ரயில்வேயில் முப்பது ஆண்டு கணக்குப் பார்த்த மனிதர். ஆனி மாதத்தில் அவருக்குத் தலையில் கட்டி என்று அறுவை நடந்தது. பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் நண்பரைத் தனியே கூப்பிட்டு, "இந்த மருந்து இவருக்கு அவ்வளவாகக் கேட்காது. ஆனாலும் கொடுப்போம், வேறு என்ன இருக்கிறது? அவரிடம் சொல்ல வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறார். நண்பர் வார்டுக்குள் போனதும் தமையனார் கேட்டாராம்:

"ஏண்டா, ரிப்போர்ட் என்ன சொல்கிறது? மாத்திரை கேட்குமாமா?"

"நன்றாகக் கேட்குமாம் அண்ணா."

"அப்படியானால் பையனை இப்போதே வரச் சொல்லாதே. லீவு வீணாகிவிடும். மாத்திரையெல்லாம் முடியட்டும், தை மாதம் வந்தால் போதும்."

பையன் துபாயில் வேலை பார்க்கிறவன். தை மாதத்தில் வந்தான். அதற்குள் அவருக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்றாராம். அது என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. நண்பர் இதைச் சொல்லிவிட்டு, "நான் செய்தது சரியா, தப்பா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அது தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்ன பேச்சு அல்ல.

முதலில், அந்த டாக்டர் மருந்தைக் கொடுத்தது சரியா என்று பார்ப்போம். சரிதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 'கேட்காது' என்பது நாம் நினைக்கிற அளவுக்கு உறுதியான சொல் அல்ல. 2017-ல் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 562 பேரைப் பற்றிய சோதனை வெளிவந்தது. அதில் மருந்து கேட்காத வகையினர் என்று கருதப்பட்டவர்களுக்குக்கூட நடு எண் 7.9 மாதத்திலிருந்து 10 மாதமாகியிருந்தது. கணிதப்படி அது உறுதியின் விளிம்பில் நிற்கும் எண். உறுதி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. இன்னொன்று இன்னும் வேடிக்கை. 'இவர்களுக்குத்தான் அந்த மருந்து உதவுவதில்லையே' என்று, கேட்காத வகையினரான 560 பேரில் பாதிப் பேருக்கு டெமோஸோலோமைட்டை நிறுத்திவிட்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் நிவோலுமாப் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: புது மருந்துக்காரர்களுக்கு 13.4 மாதம், உதவாத மருந்துக்காரர்களுக்கு 14.9 மாதம்.

ஆகவே 'பலிக்காது என்று தெரிந்தும்' என்ற நம் கேள்வியின் முதற்பாதியே ஆட்டம் காண்கிறது. தெரிந்தது 'அநேகமாக'. அந்தச் சொல்லுக்குள் சில மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பங்கை அவர்களைக் கேட்காமல் பறிக்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் 'கொடுத்தால் என்ன குற்றம்' என்கிறவரும் துள்ள வேண்டாம். இது விபூதி அல்ல, மருந்து. குமட்டலும் அயர்வும் உண்டு. இரத்த அணுக்கள் குறைந்து, சாதாரணக் காய்ச்சல்கூட ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆறு வாரம் தினமும், பிறகு மாதம் ஐந்து நாள் என்று ஆறு மாதம். ஒரு குடும்பத்தின் நாட்களையும் பணத்தையும் அது தின்கிறது. கட்டியையும் அது சில வேளை மாற்றிவிடும். பிழை திருத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு என்றேனே, திருத்தித் திருத்தித் தோற்று உயிரணுவைச் சாகவிடுவது அதுதான். சில உயிரணுக்கள் அந்த ஏற்பாட்டையே இழந்துவிடுகின்றன. பிழையைப் பிழை என்று காணும் கண் போய்விட்டதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான மாறுதல்களோடு பெருகுகின்றன. வீரியம் குறைந்த மூளைக் கட்டிகளுக்கு இந்த மருந்து சாப்பிட்ட பத்துப் பேரை ஆராய்ந்ததில், ஆறு பேருடைய கட்டி திரும்பி வந்தபோது இப்படி மாறியிருந்ததாக 2014-ல் எழுதினார்கள். சும்மா கொடுத்துவைக்கிற மருந்து என்று உலகத்தில் ஒன்றும் இல்லை.

இப்படி இரண்டு பக்கமும் கனமாக இருக்கும்போது தராசை யார் பிடிப்பது? டாக்டரா? தம்பியா? பத்தில் ஒருவனாக இருக்கும் வாய்ப்புக்காக ஆறு மாதக் குமட்டலைச் சகிக்கலாம் என்று ஒருவன் நினைக்கலாம். அந்த ஆறு மாதத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினால் போதும் என்று இன்னொருவன் நினைக்கலாம். இரண்டும் தேவை என்று மூன்றாமவன் சொல்லலாம். அதிலும் தவறில்லை, மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே பிள்ளைக்குத் தந்தி அடிக்க, அதாவது இந்தக் காலத்தில் போன் போட, எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தமையனாருக்கு மருந்து கொடுத்ததில் தீங்கு இல்லை. 'நன்றாகக் கேட்குமாம் அண்ணா' என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அவர் தை மாதம் என்று கணக்குப் போட்டாரே, அங்கே இருக்கிறது தீங்கு. வாழ்நாளெல்லாம் எண்களோடு குடித்தனம் செய்த மனிதருக்கு, அவருடைய கடைசிக் கணக்குக்குப் பொய்யான எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

'உண்மையைச் சொன்னால் அதிர்ச்சியிலேயே போய்விடுவார்' என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். அன்பினால் சொல்வது, அதைப் பரிகசிக்க எனக்கு மனம் வராது. சொல்லுகிறவர் தமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதலும் அதில் பாதி கலந்திருக்கும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் முகத்தில் அறைந்தாற்போலச் சொல்ல வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் விரும்புகிறாரா இல்லையா என்பதை அவரிடம்தானே கேட்க வேண்டும்? தமையனார் வாய்விட்டுக் கேட்டார்.

என் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் மெதுவாகவே. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணாவிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்கள்தாம் எழுதுகிறவராயிற்றே, வாக்கியமாகச் சொல்லுங்கள்" என்றார்.

நான் யோசித்துச் சொன்னேன்: "'அண்ணா, இந்த மாத்திரை சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு அதிகம் கேட்பதில்லை. உங்களுக்கு அதிகம் கேட்காது என்று பரிசோதனை சொல்கிறது. அப்படிச் சொன்னவர்களிலும் சிலர் நன்றாக இருந்திருக்கிறார்கள். சாப்பிட்டுப் பார்க்கலாமா? பையனை எப்போது வரச் சொல்லட்டும்?' என்று."

நண்பர் அதை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. "கடைசிக் கேள்வியை மட்டும் கேட்டிருப்பேன்" என்றார்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடமும் அந்த வாக்கியங்களைக் காட்டினேன். ஒன்றும் தவறில்லை என்றார். இதை ஒருவரிடம் சரியாகச் சொல்லி, அவர் கேட்பதற்கெல்லாம் பதிலும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரித்தேன். அரைமணி நேரமாவது வேண்டும் என்றார். ஒரு நோயாளிக்கு உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்றேன். அவர் அறைக் கதவைத் திறந்து வெளியே பெஞ்சுகளில் காத்திருந்தவர்களைக் காட்டினார்.